படிக்கட்டு அலை

வேல்விழி சாப்பிடப் போன நேரம் பார்த்து முதலாளி மகன் நித்தீஷ் பேட்டரி அறைக்குள் நுழைந்தான். கதவுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த என்னை அவன் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்ப்பதில்லை.

"மூணு பேட்டரிக்கு ஆறு வயருங்களா தங்கவேலண்ணா? நாளைக்கு பையர் ஆடிட்டுக்கு வர்றாங்க. கறுப்பு மூணையும் ஒண்ணா முறுக்கி, ஒத்தை வயரா உள்ள வுட்டுருங்க."

"அந்த இன்ஜினியர் புள்ள சேக்கக் கூடாதுன்னு சொல்லுச்சுங்களே," என்றார் எலக்ட்ரீசியன் தங்கவேலு.

"உங்க சர்வீசுல நெகட்டிவத் தனித்தனியா வுட்டு எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

தங்கவேலு பார்த்ததில்லை. துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் இங்கே தரையில் மஞ்சள் கோடு புதிதாகும், கழிவறைக்கு சோப்பு வரும், வயருக்குக்கூடத் தலை சீவிவிடுவார்கள். அவர் மூன்று முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றி, வயர் போகும் குழாய்க்குள் தள்ளிவிட்டுப் போனார்.

வேல்விழி என் அக்கா. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. இங்கே இன்ஜினியராகச் சேர்ந்த அன்று காலை, லைன் வீட்டு வாசலில் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "அங்கன வந்து என்னைய அக்கானு கூப்பிட்ட, நாக்க அறுத்துருவேன். மேடம்னு சொல்லு." அவள் காலேஜுக்குப் போன வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பெனி வேனில் ஏறினேன். மேடம் என்றே சொன்னேன், துப்புவது போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒற்றை அறை முழுக்க அவள் காகிதம் பரப்புவாள். தெரியாமல் மிதித்தால் காலைக் கிள்ளுவாள். பேட்டரி மின்சாரம் நேர்கோடாம், தையல் மெஷினுக்கு அலை வேண்டுமாம். மலிவான இன்வெர்ட்டர் நேர்கோட்டை மேலும் கீழுமாக வெட்டிப்போடும். மோட்டார் முனகிச் சூடேறும். இவளுடையது படிக்கட்டு. ஒரு பேட்டரிக்கு ஒரு படி. மூன்றும் முறைவைத்து ஏறி இறங்கினால் ஏறக்குறைய அலை. ஆனால் ஒவ்வொரு பேட்டரியும் தனியாக நிற்க வேண்டும். இரண்டின் கறுப்பு வயர் தொட்டாலே உள்ளே தீய்ந்துவிடும். அம்மாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது எனக்கே எரிச்சலாக இருந்தது.

மதியம் அவள் செய்த இன்வெர்ட்டருக்குச் சோதனை. ஓடினால் எல்லாத் தையல் லைனுக்கும் அவள் டிசைன். ஓடாவிட்டால் கடையில் விற்கும் மலிவுச் சரக்கு, அவளுக்கு வேலை இல்லை. முதலாளி பொங்கியண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தார். நித்தீஷும் தங்கவேலுவும் பின்னால் வர, அவரோடு அவள் வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"மேடம், அந்த..."

"வேலையப் பாரு," என்றாள், திரும்பாமலே.

சுவிட்சைப் போட்டாள். டப்பென்றது. இன்வெர்ட்டர் பெட்டியின் இடுக்குகளில் புகை வந்தது, முடி கருகிய வாசனையோடு.

"படி கட்டறேன்னீங்க. ஊட்டையே கொளுத்திப்போடுவீங்களாட்ட இருக்குதுங்களே அம்மிணி," என்றார் பொங்கியண்ணன்.

மெயினை அணைத்துவிட்டு வேல்விழி குழாயைப் பிடித்து இழுத்தாள். டேப் சுற்றிய முடிச்சு வெளியே வந்தது. "கறுப்ப யாரு சேத்தது?"

தங்கவேலு ஃபேனைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாம யாருங்க மேடம் தொடுவாங்க?" என்றான் நித்தீஷ்.

நான் உள்ளே போய் நித்தீஷைக் கைகாட்டினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இவருதான் சேக்கச் சொன்னாரு. நான் பாத்தேன். சேக்கக் கூடாதுன்னு எங்கக்கா வீட்டுலயே சொல்லுச்சு."

பொங்கியண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.

"அக்கா தங்கச்சிங்களா," நித்தீஷ் மெல்லச் சிரித்தான். "சாட்சிக்கு அம்மாவையும் வரச்சொல்லுங்க. கேட்டுக்கலாமுங்க."

அப்பாவும் மகனும் போனார்கள். தங்கவேலு பின்னாலேயே போனார். வேல்விழி என்னைப் பார்த்த பார்வையில் கிள்ளல் இருந்தது. தரையில் குந்தி உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"கட்டரக் குடு."

பிசிறு வெட்டும் சின்னக் கட்டர். டேப் அதற்கு மசியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். டேப் பிசுபிசுவென்று அவள் விரல்களில் சுற்றிக்கொண்டது. அடியிலிருந்து மூன்று செம்பு முனைகள், முறுக்குக் கலைந்து, ஒன்றைவிட்டு ஒன்று மெதுவாக விலகின.