முன்னதாக வீடு திரும்பிய பித்தப்பை

துணிக்கடைக்காரரின் பித்தப்பை அவருக்கு முன்னதாகவே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. சுமந்து வந்தவள் அவர் மனைவி. பிறர் குடித்த டம்ளரைத் தொட்டாலே சோப்பைத் தேடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் குமட்டல் தந்தது, விடியற்காலையில் குழாயடியில் நின்று கணவர் காறுகிற காறல். அது அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் தங்கி, விலை படியாத சரக்கைப்போல உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இழுத்தடிக்கும். ஆபரேஷன் என்றதும் சொந்தபந்தமெல்லாம் அழுதது. அவள் மட்டும், இந்தக் காறல் சனியனும் கூடவே தொலைந்துபோகாதா என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் வயிற்றைச் சிரைத்தார்கள், எனிமா கொடுத்தார்கள். "பாதித் தண்ணி போதும்மா, நான் தெரிஞ்ச ஆளு," என்று அவர் நர்ஸிடமே பேரம் பேசினார். அதன்பின் அந்த அறையில் நடந்ததை எழுதினால் காகிதம் நாறும். போதாததற்குத் தலையணைக்கடியில் பதுக்கிய பன்னைத் தின்றுவிட்டதால், மறுநாள் எல்லாமே முதலிலிருந்து நடந்தது.

வெட்டி எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். சர்ஜன் கதவைத் திறந்து தட்டை நீட்டினார். கத்தரிக்காய் அளவில், பாசி நிறத்தில், கொழகொழவென்று கிடந்தது. அவள் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தபோது அது காறியது. சர்ஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பாட்டிலில் மருந்துத் தண்ணீரோடு போட்டுப் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார்கள். போகிற வழியெல்லாம் வாடகை அநியாயம் என்று அது வண்டிக்காரரைத் திட்டியது. பரிசோதனைக்கூடத்துக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேசறதையெல்லாம் நாங்க டெஸ்ட் பண்றதில்லம்மா," என்றார். ஆஸ்பத்திரியிலோ, எடுத்ததைத் திரும்ப வாங்குவதில்லை என்றார்கள். கணவர் கடையில் நாள் முழுக்கச் சொல்கிற வசனம்தான் என்பதால் அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தையல் பிரித்து வீடு வந்த கணவர் காறவில்லை. சத்தமில்லாமல் கொப்பளித்து, சிந்தியதைத் துடைத்துவிட்டு நகர்ந்தார். கேட்டது கிடைத்ததென்று அவள் இருந்தபோது அவர், "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்றார். அவள் முதுகில் பல்லி ஓடியது போலிருந்தது. கடையில் இன்னும் மோசம். பாதி விலைக்குக் கேட்டவர்களுக்குப் பாதி விலைக்கே கொடுத்து, வந்ததற்கு நன்றியும் சொன்னார். அலமாரிகள் காலியாகி, கல்லாவில் ஈ மொய்த்தது. வீட்டில் பாட்டிலோ, "ஏன்டி, உப்பெல்லாம் கடைக்காரனுக்கே திருப்பிக் குடுத்துட்டியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பாட்டிலைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது.

கதவுக்கு வெளியே கணவர், "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்ங்க," என்றார்.

"என்னடி யோசிக்கிற?" என்றது பித்தப்பை. "கவுத்திட்டு, வெளியில நிக்கற அந்தப் பொம்மையோட குடித்தனம் பண்ணு, போ."

அவள் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவினாள். பிறகு பாட்டிலை இறுக்கி மூடினாள்.

அன்றுமுதல் பித்தப்பை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து வியாபாரம் பார்க்கிறது. வாடிக்கையாளர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இப்போது பொத்திக்கொண்டே பேரம் பேசுகிறார்கள். கணவர் துணியை அளந்து மடித்துத் தருகிறார். மருந்துத் தண்ணீரை மாற்றி, சளிபோல் ஒட்டியதைக் கழுவுகிறவள் அவள்தான். பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பழகவில்லை, பாட்டில் வந்த நாளில் இருந்த அருவருப்பு அப்படியே இருக்கிறது. படுக்கும்போது பாட்டில் இருவருக்கும் நடுவில். அவர் அந்தப் பக்கம் அசையாமல் தூங்குவார். குறட்டை பாட்டிலிலிருந்து வரும்.