ஒரே பக்கம் சாய்ந்த கதிரைகள்

“எழும்புங்க! தயவுசெய்து எழும்புங்க!”

ஜக்குலின் கதிரையின் முதுகைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி பிளேன்ரீ சிந்தத் துள்ளி எழும்பினார். அவள் கதிரையைப் புரட்டிச் சிமெந்து முற்றத்தில் தலைகீழாகக் குத்தினாள். அடுத்ததைப் பிடித்தாள்.

உள்ளே, வாவிப் பக்கத்து ஜன்னலோரம், அவளுடைய டடி பீலிக்ஸ் சவப்பெட்டிக்குள் கிடந்தார். வெளியே, அவர் வடிவமைத்த கதிரையின் திருட்டுப் பிரதிகளில் இருந்துகொண்டு ஊர் பிஸ்கட் கடித்தது.

“அக்கா, உனக்குப் பேய் பிடிச்சிட்டா?” தம்பி ஷோன் ஓடிவந்தான். “செத்த வீட்டுக்கு எண்டு லக்ஷன் அண்ணன் கடையிலயிருந்து சும்மா அனுப்பினவர்.”

“களவெடுத்ததையே இரவல் தாறான், நீ இறக்கி அடுக்குறாய். வெக்கமில்லையாடா?”

“எல்லாரும் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும்!”

முன்கால்கள் தோணியின் முன்முனையான அணியம்போல் வளைந்து, ஓர் ஆணியும் இல்லாமல், அப்படியே கைகளாகிவிடும் கதிரை அது. பீலிக்ஸ் அந்த வடிவத்தைக் கொழும்பில் தன் பெயரில் பதிந்திருந்தார். தளபாடக் கடை லக்ஷன் அதையே செய்து விற்றான். பீலிக்ஸ் போய்க் கேட்டதற்கு, தன்னுடையதைப் பார்த்துத்தான் பீலிக்ஸ் பதிந்தார், பதிவை ரத்துச் செய்யுங்கள் என்று வழக்கே போட்டுவிட்டான். தீர்ப்பு வருமுன் பீலிக்ஸ் போய்விட்டார், கள்ளன் என்ற பெயரோடு.

வாசலில் சென்ட் மணத்தது. லக்ஷன்தான். மலர்வளையத்தில் கடையின் பெயர் தங்க எழுத்தில் பளபளத்தது. நேரே உள்ளே போனான். பிணத்தின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான், கண்ணை மூடினான். பிறகு கைலேஞ்சியை எடுத்து அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்தான்.

வாசலில் நின்று பார்த்த ஜக்குலின் முற்றத்துக்கு ஓடினாள். மிச்சக் கதிரைகளையும் கவிழ்க்கக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

கவிழ்த்துவைத்த கதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

ஒன்றை நிமிர்த்தித் தடவினாள். கதிரையின் இடது கை ஒரு விரலளவு தாழ்வு. டடியின் கதிரைகளில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு. விழுந்தெழும்பியதில் தோள் இறங்கிப்போன மம்மிக்காக அளவெடுத்துச் செய்தது. படுக்கையறையில் கிடப்பது. வெளியாள் எவரும் கண்டதில்லை.

“மம்மி!” பெட்டியருகே நின்ற மேர்டிலின் தோளைப் பிடித்தாள். “உங்கட கதிரைய அளந்துதான் வெட்டியிரிக்கான்! இதக் கோட்டில காட்டினா டடிதான் வெண்டார். சொல்லுங்க மம்மி, அது எப்ப வெளிய போன?”

லக்ஷன் கைலேஞ்சியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். மேர்டில் நிமிரவில்லை.

“டடி ஆஸ்பத்திரியில கிடந்த கிழமை. பிரம்பு மாத்தவெண்டு ஷோன் கொண்டுபோனவன்.”

உள்ளே வந்து பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த ஷோனின் கை வழுக்கியது. மூடி சுவரில் இடித்தது. அவன் வெளியே போய்க் கவிழ்ந்து கிடந்த ஒரு கதிரையைத் தூக்கிவந்தான். மம்மியின் பின்னால் வைத்தான்.

“இரிங்க மம்மி. கால் நோகும்.”

“டடிக்கிட்ட ஏன் சொல்லல்ல மம்மி?” ஜக்குலினின் குரல் கீறியது. “இந்த ஒரு கதைய அவர் கோட்டில சொல்லியிருந்தா…”

“அவருக்குத் தெரியும், மகள். கடையில அந்தக் கதிரையக் கண்ட அண்டைக்கே அதின்ட இடது கையத் தடவிப் பாத்திட்டு வந்தவர். ‘கோட்டில சொன்னா மகன்ட பேர் வரும், விடு’ எண்டார்.”

மேர்டில் நின்றுகொண்டே இருந்தாள்.