வெறும் தூம்பா

எங்கள் கோயிலில் இரண்டு தூம்பா இருந்தன. செத்தவர்களைக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். பித்தளைப் பிடி வைத்தது எங்கள் சாதிப் பிணங்களுக்கு, மரப்பிடி வைத்தது மற்றவர்களுக்கு. மலாயாவுக்குக் கப்பலேறும்போது சட்டிபானையைக்கூட ஊரில் விட்டு வந்தவர்கள் இந்தப் பாகுபாட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

என் புருஷன் வாலண்டைன் கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. முதல் உலகச் சண்டைக் காலத்தில் ஈராக்கிலுள்ள பஸ்ராவில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது போனார். மரப்பிடிப் பெட்டிக்காரர்களில் ஒருவரான தண்டவாளக் கூலி சவரிமுத்துவும் கூடவே போனார். அங்கே ஆற்றில் படகு கவிழ்ந்து இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. எனக்கு உட்கார்ந்து அழ ஒரு கல்லறைகூட இல்லை.

சண்டை முடிந்து மூன்றாம் வருஷம், பிரெஞ்சுக்காரச் சாமியார் பிரசங்கத்தில் ஒரு செய்தி சொன்னார். இருவர் பெயரையும் பளிங்குக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் பதிக்கப் போகிறார்கள். கல்லறைத் திருநாளன்று வெறும் தூம்பாவைக் கறுப்புத் துணி போர்த்தி நடுக்கோயிலில் வைத்து இருவருக்கும் பூசை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றைய பூசை முடிந்ததும் என் மாமனார் மாரிஸ் சாமியாரிடம் போய் நின்றார்.

"எந்தத் தூம்பா, சாமி?"

"ஒன்றுதான் வைப்பேன். எது என்று கேட்காதீர்கள்."

"அப்போ என் மகன் பேரு வேணாம். எடுத்துருங்க."

வீட்டுக்கு வந்து அவர் காலில் விழுந்தேன். "மாமா, பெட்டிக்குள்ள யாருமே இல்லையே மாமா!"

"பாக்குறவன் அதையா பாப்பான்? அவங்களோட ஒரே பெட்டின்னு பேரு வந்துட்டா, உன் நாத்தனார நாளைக்கு எவன் கட்டுவான்?"

பெற்ற மகனைவிட ஊர் வாய் பெரிதாகிவிட்டது. சாமியாரிடமே ஓடி, பெயரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். "தகப்பனார் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய, அம்மா?" என்றார். பெட்டி விஷயத்தில் அசையாமல் நின்ற மனிதர், பெண்டாட்டி கேட்டபோது கையை விரித்தார். அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

திருநாளன்று நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மாமனார் வாசலை மறித்தார். "போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே."

போனேன்.

எங்கள் ஆட்களின் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. மறுபக்கம் பாயில் சவரிமுத்துவின் பெண்டாட்டி சாந்தமேரி இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் பதறிப்போனாள்.

"அக்கா, இங்க உக்காராதீங்க. வீட்டுல திட்டுவாங்க."

"எனக்கு வீடு இல்ல. கொஞ்சம் நகந்துக்க."

சாமியார் கல்லின்மேல் இருந்த துணியை இழுத்தார். ஒரே ஒரு பெயர். தெரிந்துதான் போனேன், இருந்தும் இரண்டாவது பெயரைத் தேடினேன்.

பூசை முடிந்ததும் பெண்கள் தூம்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செத்தவர் பெயரைச் சொல்லி அழுவது எங்கள் வழக்கம். பெண்டாட்டி மட்டும் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, அவர் வீட்டார்தான் சொல்ல வேண்டும். சவரிமுத்துவுக்கு ஊரில்தான் ஆட்கள், இங்கே ஒருவரும் இல்லை. என் புருஷன் வீட்டாரோ கூப்பிடு தூரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் இருவரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஊமைகள் மாதிரி விம்மினோம்.

சாந்தமேரி என்னைப் பார்த்தாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"வாலண்டைன் அண்ணே! எங்கண்ணே போனீங்க, வாலண்டைன் அண்ணே!"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சவரிமுத்து அண்ணே!" என்று நான் கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினோம். அதற்குப் பிறகு என் புருஷன் பெயரை அந்தக் கோயிலில் யாரும் சொல்லவில்லை.