சாமியாரின் மத்தியானச் சாப்பாடு

பூனைக்குச் சாமியார் என்று பெயர் வைத்தவர் டீச்சரின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வீட்டுக்குள் மாமிசம் நுழையக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் டீச்சர் போட்ட ஒரே சட்டம். ஒரு மழைநாளில் அவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டியும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வேகவைத்த பருப்பையும் பாலில் ஊறிய ரொட்டியையும் நக்கிவிட்டுச் சுருண்டு படுத்துவிடும். "பாத்தியா, முற்றும் துறந்த சாமியார்," என்பார் அவர். டீச்சருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஊரில் எல்லாம் ருத்ராட்சப் பூனைகள், தன் வீட்டில் இருப்பதுதான் நிஜத் துறவி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் சாமியார் ஸ்கூட்டர் கூடையில் கடைக்குப் போவதும் சாயங்காலம் அவரோடு திரும்புவதுமாக நாலு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கூடையையும் பூனையையும் கடைக் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து டீச்சர் அதை வாசற்படி தாண்ட விடவில்லை. அவர் விட்டுப்போனவற்றில் மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து, சாமியார் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. டீச்சர் சிரித்தாள். "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம். கண்ணைத் திறந்துக்கிட்டு நடடா." மறுநாள் சுவரில் முட்டியது. அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது.

கால்நடை டாக்டரம்மா சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"பருப்பு, ரொட்டி, பால். சுத்த சைவம்," என்றாள் டீச்சர். பழைய பெருமை குரலில் இன்னும் ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா குழாயைக் கழற்றி வைத்தார். "பூனைக்கு வேண்டிய ஒரு சத்து மாமிசத்துலதான் இருக்கும்மா. நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும், இதோட உடம்பால போதுமான அளவு செஞ்சுக்க முடியாது. அது இல்லாமத்தான் கண்ணு போச்சு, இனிமே வராது. இதயமும் வீங்கியிருக்கு. மருந்து தரேன், மாமிசமும் இன்னைக்கே ஆரம்பிங்க. உயிரையாவது காப்பாத்தலாம்."

"நாலு வருஷம் இதையே தின்னுட்டு நல்லாத்தானே இருந்தான்?"

"இதை மட்டும் தின்னுருந்தா இருந்திருக்க மாட்டான். வேற எங்கயோ சாப்பிட்டிருக்கான்."

கணவர் போன பிறகு டீச்சர் அந்தக் கடைப் பக்கமே போனதில்லை. அன்று கூடையோடு நேரே அங்கே போனாள். லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கூட்டாளி இயந்திரத்தை நிறுத்தினார்.

"தம்பி, சாமியாருக்கு இங்க என்ன குடுத்தாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தினம் மத்தியானம் ஒரு மீன் டப்பா, அண்ணி. அண்ணன் கையாலயே ஊட்டுவாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவ பெருமையா சொல்லிட்டுத் திரியறா, கெடுப்பானேன்'னாரு. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது அண்ணி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அந்த மனிதர் நாலு வருஷம் மறைத்திருக்கிறார். டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. போய்ச் சேர்ந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் கேலிக்கு வைத்த பெயரை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு வாயில்லா ஜீவனின் கண்ணைக் கெடுத்தவள் அவள்தானே.

கூட்டாளி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மிச்சமிருந்த ஒரு டப்பாவும் பாதி தேய்ந்த ரோஜா சோப்பும் இருந்தன.

"சோப்பு எதுக்கு?"

"மீன் வாசனை உங்களுக்கு ஆகாதேன்னு, கிளம்பும்போது மூணு தடவை கை கழுவுவாரு. சோப்பு வாசனை வந்ததுமே இவன் வீட்டுக்குப் போற நேரம்னு கூடையில ஏறி உட்காந்துக்குவான்."

டீச்சர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குப் போன மனிதர் தினமும் சோப்பு மணக்க வீடு திரும்பினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? ஒருமுறை கேட்டே விட்டாள், "யாருங்க அவ?" என்று. அவர் பூனையைக் காட்டி, "இவன்தான்," என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

டப்பாவையும் சோப்பையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் சமையலறையில் முதன்முதலாக ஒரு மீன் டப்பாவைத் திறந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிண்ணத்தில் வைத்ததைச் சாமியார் முகர்ந்துவிட்டு, வாயைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. வேறு வழியில்லாமல் விரலால் எடுத்து ஊட்டினாள். விரல் இடுக்குவரை நக்கித் தின்றது.

பிறகு அந்த ரோஜா சோப்பைப் போட்டு மூன்று முறை கை கழுவினாள். சாமியார் தலையைத் தூக்கியது. சுவரில் ஒருமுறை முட்டி, திரும்பி, தடவித் தடவிப் போய்க் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் ஈரக் கையோடு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வீட்டுலதாண்டா இருக்கோம்," என்றாள். பூனை இறங்கவில்லை. ஸ்கூட்டர் கிளம்புவதற்காகக் காத்திருந்தது.