ஒரு பக்கம் மட்டும் பதிவானது

தச்சருக்கு அன்று காலையிலிருந்தே கைப்பேசியோடு மல்லுக்கட்டு. விரலை வைத்தால் திறந்துகொள்ள வேண்டிய பூட்டு திறக்க மறுத்தது. விரல் நுனியெல்லாம் மரப்பசை காய்ந்து தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது. இது யாருடைய விரல் என்று கைப்பேசிக்கே சந்தேகம் வந்துவிட்டது போலும். வேட்டைக்குப் போகிறவர் போல் பல்லைக் கடித்துக்கொண்டு உப்புத்தாளில் விரலைத் தேய்த்து, மறுபடி வைத்தார். திறந்தது.

உடனே அந்தப் புதிய செயலி வந்து நின்றது. ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா என்று, போன் கடையில் கேட்டதையே மறுபடி கேட்டது. சரி என்றார். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்றது. சரி என்றார். மற்றச் செயலிகளுக்கு மேலே தோன்றலாமா என்றது. "என் தலைமேலயே தோணிக்கோ, போ" என்று முணுமுணுத்துவிட்டு அதற்கும் சரி என்றார். எல்லாம் முடிந்ததென்று நினைத்தபோது ஒரு விளம்பரம் வந்து திரையை மறைத்தது. அதை மூடுகிற பெருக்கல் குறி எள்ளளவு இருந்தது. அவர் விரல் எள்ளளவு இல்லை.

இத்தனை பாடும் மாப்பிள்ளையைப் பிடிப்பதற்காகத்தான்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். இருவருமாகச் சேர்ந்துதான் அந்தப் பட்டறையை நடத்திவந்தார்கள். மாப்பிள்ளை வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நிலையையும் சன்னலையும் அளந்து, அங்கிருந்தே போனில் அளவைச் சொல்வார். தச்சர் பட்டறையில் மரத்தை வெட்டுவார். ரம்பத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் காதுக்குள் இயர்போனைச் செருகி, அதன்மேல் காதுமூடியையும் மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டு கையும் மரத்தில் இருக்க, மாப்பிள்ளையின் குரல் நேரே தலைக்குள் வந்து இறங்கும். வருடக்கணக்காக இப்படித்தான். ஒரு குறை வந்ததில்லை.

இப்போது வரத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு சன்னல் நிலைக்குள் நுழையவே இல்லை. பிறகு பல் மருத்துவர் ஒருவரின் அறைக்கதவு கட்டைவிரல் அகலம் குறைந்தது. "நீ சொன்ன அளவுதான் மாப்ள" என்றார் தச்சர். "நான் சொன்னது அது இல்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. பேச்சு தடித்தது. அடுத்த தடவை ஒரு கதவு தப்பினால் அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்வது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு இருவரும் தனித்தனியே தங்கையிடம் போய் முறையிட்டார்கள். "உளிக்கும் சுத்திக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று அவள் அண்ணியிடம் அழுதாளாம். அது தச்சரின் காதுக்கு வந்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கோபம் மட்டும் அப்படியே நின்றது. தப்பு யாருடையது என்பது ஒரு தடவையாவது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

முதலில் கைப்பேசியிலேயே இருந்த பதிவுப் பொத்தானைத்தான் அமுக்கிப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது அமுக்கினார். உடனே ஒரு பெண் குரல், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இரு பக்கமும் கேட்கும்படி அறிவித்தது. கண்ணாடிக் கடைக்காரர் அடுத்த மூச்சில் போனை வைத்துவிட்டார். அரை நாள் கழித்துக் கூப்பிட்டு, "ஏங்க, கேஸு எதும் போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஆகவே, சொல்லாமல் பதிவு செய்கிற செயலியாகப் பார்த்து வாங்கித் தரும்படி போன் கடைப் பெண்ணிடம் கேட்டார். அவள் ஏற்றிக் கொடுத்து, எதிரில் நின்றபடியே தன் போனிலிருந்து அவரை அழைத்து, "ஹலோ, கேக்குதா?" என்றாள். பதிவைப் போட்டுக் காட்டினாள். அவள் குரலும் அவர் குரலும் அச்சாக வந்தன. தச்சர் திருப்தியோடு திரும்பினார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ரம்பத்தை ஓடவிடும் முன் அவர் தினமும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. பத்து விரலும் உன் பொறுப்பு, சாயங்காலம் பத்தையும் திருப்பிக் கொடுத்துவிடு என்று கடவுளிடம் ஒரு வேண்டுதல். அந்த வாரம் முழுவதும் அந்த ஒரு நிமிஷம் நின்று நிதானிக்க முடியவில்லை. ஒளிந்திருந்து கேட்கிறவன் கடவுள் முகத்தில் விழிக்கக் கூசுவான் அல்லவா?

வந்தது அந்த மூன்றாவது தப்பு. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு அறைக்கான கதவு. சத்தம் வெளியே கசியாதபடி நிலையில் இறுக்கமாக உட்கார வேண்டியது. கொண்டுபோய்ப் பொருத்தினால், பூட்டுப் பக்கம் தலைமையாசிரியை தன் ஆட்காட்டி விரலை நுழைத்து ஆட்டிக் காட்டினார். ஒன்றும் திட்டவில்லை. விரலை மட்டும் ஆட்டினார்.

தச்சருக்கு அவமானத்தோடு ஒரு வெறி கலந்த மகிழ்ச்சியும் வந்தது. வசமாக மாட்டினான்! பதிவை முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளையையும் தங்கையையும் பட்டறைக்கு வரச் சொன்னார். மாப்பிள்ளை இடுப்பில் அளவு நாடாவோடு வந்து, மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்தார். தங்கை உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் கேளுங்க. அப்புறம் நான் பேசவே வேண்டியதில்ல" என்று சொல்லி, தச்சர் கைப்பேசியை வேலை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார்.

ரம்பத்தின் இரைச்சல் முதலில் வந்தது. அதன்மேல் தச்சரின் குரல்.

"சொல்லு மாப்ள."

அப்புறம் வெறும் ரம்பம்.

"ம்."

ரம்பம்.

"சரி. சரி சரி, புரிஞ்சுது. உயரம்?"

ரம்பம்.

தச்சர் கைப்பேசியை எடுத்து உதறினார். ஒலியைக் கூட்டினார், அது ஏற்கெனவே உச்சியில் இருந்தது. ஊதினார். தூள் பறந்ததே தவிர மாப்பிள்ளையின் குரல் வரவில்லை. காதுக்குள் செருகிய இயர்போனில் வந்த குரல் இந்தச் செயலியின் காதில் விழவே இல்லை. அன்று கடையில் அந்தப் பெண்ணின் குரல் பதிவானது, அவள் பக்கத்தில் நின்று பேசியதால்தான். இது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, இதுல அவரு எங்க இருக்காரு?" என்றாள் தங்கை. "பேசுறது பூரா நீதானே இருக்க."

தன்னைத் தச்சர் ஒட்டுக்கேட்டிருக்கிறார் என்பது புரிந்ததும் மாப்பிள்ளை நாடாவின் நுனியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அது சுர்ரென்று உள்ளே போய் டக்கென்று நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பட்டறை தொடங்கிய நாளில் தச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சொல்கிறவன் அளவைச் சொல்ல வேண்டும்; கேட்கிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்; அதற்குப் பிறகுதான் பென்சில் மரத்தைத் தொட வேண்டும். அவரே வைத்தது. மாப்பிள்ளைக்கு அவரே படித்துப் படித்துச் சொன்னது. அந்த வழக்கத்தைக் கைவிடாமல் இருந்திருந்தால் இந்த அரைகுறைப் பதிவே போதுமானது. அகலமும் உயரமும் அவர் வாயாலேயே வந்திருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த பதிவில் ம் இருந்தது, சரி இருந்தது, புரிஞ்சுது இருந்தது. எண் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

நிறுத்தப் போனார். விரல் மறுபடி திரையில் ஏறவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

வெறும் ரம்பம். நீளமாக. இவ்வளவு நேரம் எதிர்ப்பக்கம் யாரோ ஏதோ பேசியிருக்க வேண்டும். அப்புறம் தச்சரின் குரல், வெடுக்கென்று:

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாப்ள. அடுத்த அளவச் சொல்லு."

பதிவு முடிந்தது. தச்சருக்குத் தன் குரல் தன் குரலாகவே படவில்லை. வாசலில் வந்து நிற்பவனைத் துரத்துகிற குரல் அது. எதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்? யோசித்து யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. அது கைப்பேசியிலும் இல்லை, அவர் தலையிலும் இல்லை. இருக்கிற ஒரே இடம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"அங்க என்ன சொன்ன மாப்ள?"

"விடுங்க மச்சான்."

"சொல்லு. இப்ப கேக்கறேன்."

மாப்பிள்ளை மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கோடு ரெண்டு ரெண்டா தெரியுது மச்சான். கொஞ்ச நாளாவே அப்படித்தான். நான் படிக்கிறத நம்பாதீங்க, ஒருதரம் நீங்களும் வந்து பாத்துட்டு வெட்டுங்கன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் தங்கை.

"நீ பயந்துடுவ. இவருகிட்டதான் சொல்லிட்டேனேன்னு இருந்தேன்."

தச்சர் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். திட்டுவதற்காக வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை. கதவு குறைந்தது அந்தக் கண்ணாலா, இந்தக் காதாலா? யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் போய்விட்டது.

"கிளம்பு மாப்ள" என்றார்.

"ஸ்கூலுக்கா?"

"மொதல்ல கண்ணு டாக்டர்கிட்ட. ஸ்கூலு எங்கயும் ஓடிடாது."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலைமை டீச்சரம்மா விரல வெளிய எடுத்துட்டாங்களான்னு கேட்டுக்கோ அண்ணே" என்றாள். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

பாட்டு அறைக்குப் புதுக் கதவு செய்தார்கள். பழையது பட்டறை வாசலில் சாய்ந்து கிடக்கிறது. எந்த நிலைக்கும் பொருந்தாத அதைப் பார்க்கும்போதெல்லாம் தச்சருக்கு இன்னும் எரிச்சல்தான். மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறார். பெரிய வேலையென்றால் தச்சரும் உடன் போய் நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிறார். மற்ற நாட்களில் மாப்பிள்ளை போன் செய்தால் ரம்பத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார்.

அந்தச் செயலியை எப்படி நீக்குவது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நீக்கப் போனால் விளம்பரம் வருகிறது. அது இன்றும் ஒரு பக்கத்தை மட்டும் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. நடப்பதை மாப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "உங்க பக்கம்தானே, இருந்துட்டுப் போகட்டும் மச்சான்" என்று விட்டுவிட்டார்.

"அகலம் முப்பத்தாறரை மச்சான்."

"முப்பத்தாறரை" என்று தச்சர் திருப்பிச் சொல்கிறார். பிறகு ஒரு கணம் காத்திருக்கிறார். "வேற எதும் சொல்லணுமா மாப்ள?"