கரிச்சான் கற்ற குரல்

அலுவலகத்தில் அவளுக்குக் காது என்று பெயர். வேலை அப்படி. காலையில் வந்து ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரைக்கும் மலையைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மலை இரண்டு நாடுகளுக்கும் பொது. சண்டை போட்டு அலுத்துப்போன இரண்டும் ஒருவழியாக உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டன. மலையின் நடுப்பகுதியை மனித வாடையே இல்லாமல் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ரோட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். பள்ளத்தாக்கைத் தாண்டி அந்த நாட்டுக்குப் போய்வந்த ரோப் காரை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து மரத்துக்கு மரம் ஒலிப்பதிவுப் பெட்டி கட்டினார்கள். பெட்டியில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் பறவை, விலங்கு, காற்று, மனிதன் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ஒரு வருஷம் 'மனிதன்' விழவே இல்லையென்றால் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டு வாசலை மூடிவிடும். அப்புறம் யாரும் எதற்கும் உள்ளே போக முடியாது. நடுவில் ஒருமுறை விழுந்துவிட்டாலோ, இரண்டு பக்கமும் சேர்ந்து மேலே போய்த் தேடியே ஆக வேண்டும்.

அந்தப் பக்கமும் இதே வேலைக்கு ஒருவர் இருந்தார். அவரை இவள் அக்கரைக்காரர் என்பாள். இரண்டு பேரும் தினம் போனில் குறிப்புகளை ஒத்துப்பார்ப்பார்கள். அந்த நாட்டுக் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடுவதால், பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"உங்க நேரமா, எங்க நேரமா?"

"எங்க நேரம்மா. நாங்க எப்பவும் உங்களைவிட அரை மணி புத்திசாலிங்க."

"ஆமா, அரை மணி முன்னாடியே பசிக்கும், அவ்வளவுதான்."

சிரிப்பெல்லாம் அலுவலகத்தோடு சரி. வீட்டுக்குப் போனால் அண்ணி இருந்தாள்.

ரோப் காரை ஓட்டியவன் இவளுடைய அண்ணன். நிறுத்திய அன்று கடைசியாக அக்கரைக்குப் போய்ச் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. 'இங்கிருந்து கிளம்பிட்டாரே' என்றார்கள் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து நிலையத்தில் ரோப் காரின் கூண்டும் இல்லை, ஆளும் இல்லை. சரிதான், கூண்டையும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் கம்பி நீட்டிவிட்டான், பொய் சொல்லி மறைக்கிறார்கள் என்று இந்தப் பக்கம் முடிவுகட்டினார்கள். அங்கே ஒருத்தியோடு குடித்தனம் என்று ஊரே பேசியது. பாழாய்ப்போன வாய்கள்! சொல்ல வெட்கம்தான், தங்கைக்காரியே பாதி நம்பினாள்.

அண்ணி நம்பியது வேறு. அன்றைக்குக் காலையில் சண்டை. வேலை போகப் போகிறது, வேறு வழி பாருங்கள் என்று அண்ணி சொல்ல, "உத்தரவு மகாராணி" என்று அவன் வழக்கம்போல் கேலி செய்ய, அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "போனா அப்படியே போயிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தைதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னதுக்குத்தான் போயிட்டாரு. வேற எந்தச் சிறுக்கியும் இல்ல" என்பாள். ஆறுதலா புலம்பலா என்று தெரியாது.

வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. மத்தியானம், பள்ளத்தாக்கின் ஓரத்துப் பெட்டியில் ஒரு விசில் கேட்டது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. காது நிமிர்ந்து உட்கார்ந்தாள். விசிலுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். அதற்கும் பின்னால், ஓர் ஆண் குரல்.

"இறக்கு! இறக்குப்பா!"

அண்ணனின் குரல். கூண்டை நகர்த்தச் சொல்ல அவன் அடிக்கும் விசில்.

அடுத்த பெட்டியைத் திறந்தாள். அங்கேயும் விசில், தட்டல், இறக்கு. அதற்கடுத்த பெட்டி ஒரு மலை முகடு தள்ளி இருந்தது. அங்கேயும். ஒரே நேரத்தில், பல இடத்தில், ஒரே குரல். ஏறாமல் இறங்காமல், மூச்சு வாங்காமல், மலை முழுக்க அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தின் இயக்குநர் வந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டார். அவருக்கும் முகம் வெளிறியது. ஆனாலும் படித்த மனிதர், சீக்கிரம் தெளிந்துவிட்டார்.

"கரிச்சான் குருவிம்மா இது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துக்கும். பறவைன்னு போடுங்க."

"பறவைதான் சார். இல்லேங்கல."

"அப்புறம் என்ன?"

"எங்கண்ணன் நிலையத்துல ஒரு விசில் அடிப்பாரு, அவ்வளவுதான். தகரத்தைத் தட்டி 'இறக்கு இறக்கு'ன்னு அவர் கத்தி நான் கேட்டதே இல்ல. ஒரு தடவை கேட்டா கரிச்சானுக்குப் பாடம் ஆயிடுமா சார்? இது இவ்வளவு நல்லாக் கத்துக்க, அவர் எத்தனை நாள் கத்தியிருக்கணும்?"

இயக்குநர் ஹெட்போனை மேசையில் வைத்தார்.

அவள் அக்கரைக்காரரை அழைத்தாள். அவர் குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது.

"எங்களுக்கும் கேக்குதும்மா. முதல்ல ஒரு பெட்டிலதான். காத்துன்னு போட்டேன். இப்ப எல்லாத்துலயும் கேக்குது. சாப்பிட உக்காந்தாக்கூட காதுல அதான்."

"அந்த ரோப் காருக்குக் கரண்டு உங்க பக்கத்துலேர்ந்துதானே? அன்னிக்கு எப்ப நிறுத்தினாங்க?"

"ஒப்பந்தப்படி ஆறு மணிக்கு."

கேட்கிற கேள்வி தினம் கேட்கிற கேள்விதான்.

"உங்க நேரமா, எங்க நேரமா?"

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"எங்க நேரம்" என்றார். "அடக் கடவுளே... எங்க நேரம்மா."

அவ்வளவுதான் விஷயம். எத்தனை பெரிய மனிதர்கள் எத்தனை தடவை கூடிப் பேசி எழுதிய ஒப்பந்தம்! மாலை ஆறு என்று எழுதினார்களே ஒழிய, யாருடைய ஆறு என்று ஒருவருக்கும் எழுதத் தோன்றவில்லை. இன்னும் அரை மணி இருக்கிறது என்று நிதானமாகக் கூண்டில் ஏறியிருக்கிறான் அண்ணன். பள்ளத்தாக்கின் நடுவில் எந்நேரமும் மேகம் அடைத்துக் கிடக்கும். செல்போன் எடுக்காது. கூண்டு அந்தப் பக்கம் என்று இவர்களும், இந்தப் பக்கம் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். நிலையத்துப் பக்கமே போகக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம் ஆயிற்றே.

அவள் 'மனிதன்' என்று குறித்தாள். இயக்குநர் பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. சற்று நேரத்தில் அக்கரையிலிருந்தும் 'மனிதன்' என்று வந்தது.

மலைக்குத் தேடக் கிளம்பியபோது அண்ணியை வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்கள். கேட்கிற ஆளா? முதலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"திரும்பி வரத்தான் ஏறினாரா?"

"ஆமா அண்ணி. உங்ககிட்ட வரத்தான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

நிலையத்தின் கதவு துருவேறியிருந்தது. விளிம்புக்கு அப்பால் வெள்ளையாக மேகம், அதற்குள் போய் மறையும் இரும்புக் கம்பி. சுற்றிலும் மரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் கரிச்சான்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. இறக்கு, இறக்குப்பா. கூட வந்த காவலர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அக்கரையில் மின்சாரம் கொடுத்தார்கள். சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது. கம்பி அசைந்த அந்தக் கணத்தில் எல்லாப் பறவைகளும் ஒருசேர வாயை மூடிக்கொண்டன. காது தன் வாழ்நாளில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை.

கூண்டு மேகத்திலிருந்து மெல்ல வெளியே வந்தது. தகரம் உள்ளிருந்து தட்டித் தட்டி வெளிப்பக்கம் புடைத்திருந்தது. ஜன்னல் கண்ணாடி இல்லை. மூலையில் அண்ணனின் காக்கிச் சட்டை தெரிந்தது. சட்டைக்குள் இருந்ததைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

அதன் தோளுக்கு மேலே, கம்பி இடுக்கில், ஒரு கூடு இருந்தது. கூட்டில் ஒரு கரிச்சான். அது பறக்கவில்லை. வெளியே இருந்தவை அவன் கத்தியதை மட்டும்தான் கேட்டிருந்தன. இது கூடவே இருந்திருக்கிறது. தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவளிடம் பேசுகிற மாதிரி, மெதுவாக, அண்ணனின் குரலில் அது சொன்னது.

"கோச்சுக்காத மகாராணி. இதோ வந்துட்டேன்."

காது இரண்டடி பின்வாங்கினாள். அண்ணி மட்டும் அசையாமல் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் போனாள்.

"கோவமெல்லாம் இல்ல. இறங்குங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.