ஒரு முழமா, ரெண்டு முழமா

ட்ரெவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியத்திலிருந்து தூண்டிலைப் போடுவதும் சுருட்டுவதுமாக இருந்தான். ஆகஸ்ட் வெயிலில் செவர்ன் ஆறு இறங்கிப்போய், அடிக்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டால் பார்பல் மீனுக்குச் சந்தேக புத்தி வந்துவிடும். ஈயக்கட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிற இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஈயத்துக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே தூண்டில் நரம்பை நீளமாக விட்டால்தான் ஏமாறும். எவ்வளவு நீளம் என்பதில்தான் ட்ரெவருக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

ஒரு முழம் விட்டுப் பார்த்தான். சரிப்படவில்லை என்று இரண்டு முழமாக்கினான். அப்புறம் முள் பெரிதோ என்று தோன்றி, சின்னதாக ஒன்றைக் கட்டினான். பக்கத்தில் ஹேடன் ஒரே தடவை வீசிவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவன் எப்போதும் தூண்டில் கட்டுவான், கள்ளப்பயல்.

"எத்தனை முழம்டா விட்டிருக்கே?"

"போதுமான அளவு."

"சொன்னா கொறைஞ்சா போயிடுவே?"

"நீ மாத்துற வேகத்துல மீனுக்கே தலை சுத்தும். கொஞ்ச நேரம் சும்மா கிடக்க விடுறா."

பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள்; எண்ணிக்கைதான் கணக்கு. சீசன் முடிவில், பின்தங்கியவன் பப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஜெயித்தவனைப் புகழ்ந்து பேசவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. வருடா வருடம் புகழ்ந்து புகழ்ந்து ட்ரெவரிடம் வார்த்தையே தீர்ந்துவிட்டது. இந்த வருடம்தான் அதிசயமாக ஹேடனுக்கும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரே ஒரு மீன் போதும், முந்திவிடலாம். அந்த நினைப்புதான் அவனை உட்காரவிடவில்லை.

சலித்துப்போய் தேநீர் ஊற்றப் போனபோது அவனுடைய தூண்டில் கழி வில்லாக வளைந்தது. கோப்பை எங்கே விழுந்ததென்று அவனுக்குத் தெரியாது. மீன் ஆற்றோடு இறங்கி, ஹேடனின் நரம்பையும் வாரிக்கொண்டு ஓடியது. ஹேடன் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைவலையில் அதை வாங்கினான். பெரிய மீன். ட்ரெவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு ட்ரெவர் சிக்கலைப் பிரித்தான். ஹேடனின் நரம்பு கையோடு வந்தது. முனையில் ஈயம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"முள் எங்கடா? அறுந்துபோச்சா?"

"போடலை."

"இன்னைக்கு மட்டுமா?"

"இந்த சீசன் பூராவும்."

ட்ரெவரின் சிரிப்பு நின்றது. போன கோடையில் ஹேடன் பிடித்த மீன் நினைவுக்கு வந்தது. அது ஓய்ந்துபோகும்வரை போராடியது. விட்டபிறகு வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்து போயிற்று. ஹேடன் பாலம்வரை அதன் பின்னாலேயே தண்ணீரில் நடந்தான். ஒரு மீன்தானே என்று ட்ரெவர் அன்றைக்குக் கேலி செய்தான். இப்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்புறம் எதுக்குடா வர்றே?"

"நான் வரலைன்னா நீ யாரோட சண்டை போடுவே?"

வலைக்குள் மீன் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. முள்ளைக் கழற்றிவிட்டு ட்ரெவர் நகர்ந்து நின்றான்.

"நீ பிடி."

"உன் மீன்டா. நீயே பிடி."

"என் கை ஒரு இடத்துல நிக்குமா? உனக்கே தெரியும். பிடிடா, சாயுது பாரு."

ஹேடன் மண்டியிட்டு, மீனுக்கு மூச்சுத் திரும்புவதற்காக, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி அதை இரு கைகளாலும் தாங்கினான். செவுள் மெதுவாகத் திறந்தது, மூடியது. ட்ரெவர் நெடுநேரம் அசையாமல் நின்றான். அவனைப் பெற்றவள் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள். கடைசியில் மீன் வாலால் ஓர் அடி அடித்து, ஹேடன் முகமெல்லாம் தண்ணீர் தெறிக்க, கல்லோடு கல்லாக ஆழத்துக்குள் போய்விட்டது.

ஹேடன் முகத்தைத் துடைக்கவில்லை. கைகளைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தான்.

"ட்ரெவர், உன் பெட்டியில முள்ளு மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு எவ்வளவு விடலாம்? ஒரு முழமா, ரெண்டு முழமா?"

இத்தனை வருடத்தில் ஹேடன் அவனிடம் அதைக் கேட்டதேயில்லை. ட்ரெவர் தன் நரம்பிலிருந்தே மீன் பிடித்த முள்ளை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ரெண்டு. உட்காரு, நான் கட்டித் தர்றேன்."